அரைப் பிடி

1

அன்புள்ளவருக்கு,

நீங்கள் நலமாக இருப்பதாக உங்கள் அண்ணி போனில் சொன்னார். நான் நலமாக இல்லை. இதை முதலிலேயே எழுதிவிட்டால் மற்றதை நிதானமாக எழுதலாம் என்று நினைத்தேன். அப்படியும் நிதானம் வரவில்லை.

போன வாரம் ஆறு முறை போன் செய்தேன். ஆறு முறையும் அண்ணிதான் எடுத்தார். ஆறு முறையும் நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். பதினெட்டு வருஷமாக உங்களோடு குடித்தனம் நடத்துகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளித் தண்ணீருக்கே உங்களைப் பட்டறையிலிருந்து இழுத்துக்கொண்டு வரவேண்டும். அங்கே போனதும் இவ்வளவு சுத்தக்காரராகிவிட்டீர்களா? அந்த அம்மாளைப் பொய் சொல்ல வைக்காதீர்கள். பாவம், அவருக்குச் சரியாகச் சொல்லக்கூட வரவில்லை. கடைசித் தடவை "குளிச்சிட்டிருக்காரு" என்று அவர் சொல்லும்போதே பின்னால் உங்கள் இருமல் கேட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். இதற்குப் பயந்து எத்தனை முறை குளித்தாலும் திரும்பி வரும்போது மேசைமேல் இருக்கும்.

உங்கள் கடிதம் என்று ஒன்று வந்தது. ஐந்து வரி. எண்ணிப் பார்த்தேன். பட்டறையைப் பூட்டிவிடு. மெஷின்களை எடுத்துக்கொள்ள மரக்கடைக்காரரிடம் பேசிவிட்டேன், அடுத்த மாதக் கடைசியில் வண்டியோடு வருவார். உளிகளையும் அவரிடமே கொடுத்துவிடு. நான் அண்ணனுடைய செருப்புக் கடையில் உட்கார்ந்துகொள்கிறேன், பிறகு உன்னையும் அழைத்துக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு ஜன்னலுக்கு அளவு எழுதினால்கூட இதைவிட அதிகமாக எழுதுவீர்கள்.

அடிபட்ட கையின் கட்டைப் பிரித்த மூன்றாவது வாரம், நான் பள்ளிக்கூடத்துக் கதவுகளுக்குப் பாலிஷ் போடப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். மேசைமேல் ஒரு சீட்டு. "அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், தேட வேண்டாம்." தேட வேண்டாம் என்று எழுதுகிறவர் எங்கே போகிறார் என்பதையும் சேர்த்து எழுதுவாரா? நீங்கள் எழுதுவீர்கள். கோபித்துக்கொண்டு போகக்கூட உங்களுக்கு ஒழுங்காகத் தெரியாது.

டாக்டர் என்ன சொன்னார் என்பது உங்களுக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். இடதுகை விரல்கள் நாலும் இனி மடங்காது. எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. ஆனால் மணிக்கட்டு இருக்கிறது, முழங்கை இருக்கிறது, தோள் இருக்கிறது. வலதுகைக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரு கை பிடிக்காது என்பதற்காக இருபத்தைந்து வருஷத் தொழிலை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, யாரோ ஒருவர் காலுக்குச் செருப்பு எடுத்துக் கொடுக்க உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மேசையில் கை வைத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு பெரிய பட்டறைக்கு நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடப் போனேன். அங்கே ஒரு ஆள் தன்னந்தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். ஆள் உயரப் பலகை. பிடிக்க யாரும் இல்லை. மேசைக்குள் அலுமினியப் பட்டைகள் பதித்திருந்தார்கள். டிராக் என்கிறார்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் நீளமாக ஒரு இடுக்கு, மேலே குறுகல், உள்ளே அகலம். போல்ட்டின் தலையை ஓரத்திலிருந்து உள்ளே விட்டுத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறது, மேலே வரமுடியாது. அந்த போல்ட்டில் பலகையைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப்பை மாட்டி, எங்கே வேண்டுமோ அங்கே நகர்த்தி, பலகைமேல் வைத்து இறுக்கிவிடுகிறார். சின்னப் பலகையா, கிட்டே தள்ளு. பெரிசா, தூரத் தள்ளு. கோணலா, கோணலுக்குத் தகுந்தபடி திருப்பு. இறுக்கிவிட்டு அந்த மனிதர் ஒரு கையில் டீ குடித்துக்கொண்டே இன்னொரு கையால் பலகையைத் தட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பாலிஷ் வாடை கண்ணில் ஏறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாளே நாலு டிராக்கும் ஆறு கிளாம்ப்பும் வாங்கிவந்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. யாரைக் கேட்பது, குளியலறைக் கதவையா?

மேசைமேல் குறுக்கே நாலு கோடு போட்டேன். உங்கள் மூலைமட்டத்தை வைத்துத்தான் போட்டேன், கண்ணளவில் இல்லை, பயப்படாதீர்கள். மரத்தில் பள்ளம் எடுக்கிற ரூட்டர் மெஷினைக் கையில் எடுத்தது இதுதான் முதல் தடவை. உறுமிக்கொண்டு ஓடுகிறது. நேர்க்கட்டை ஒன்றைப் பக்கத்தில் திருகி அடித்து, அதை ஒட்டியே ஓட்டி, டிராக் உட்காரும் பள்ளமாக நாலு காடியும் எடுத்துவிட்டேன். முதல் காடி கொஞ்சம் பாம்பு மாதிரி. மற்ற மூன்றும் நீங்களே எடுத்த மாதிரி இருக்கின்றன.

அடுத்தது கேவலம். யாரிடமும் சொல்லாதீர்கள். டிராக்குகளைப் பதித்த பிறகு, மேசையின் இரண்டு ஓரத்திலும் அறுபட்ட அலுமினியம் பல்லை இளித்துக்கொண்டு தெரிந்தது. பாலிஷ்காரியின் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. நல்ல தேக்குச் சட்டமாக இரண்டு எடுத்து, இரண்டு ஓரத்தையும் அழகாக மூடி, பசை போட்டு, ஆணி அடித்து, தேய்த்து, மூன்று கை பாலிஷும் போட்டேன். கண்ணாடி மாதிரி வந்தது. காய்ந்த பிறகு கிளாம்ப் மாட்டலாம் என்று போல்ட்டைக் கையில் எடுத்தால், உள்ளே விட வழியே இல்லை. இரண்டு பக்கக் கதவையும் நானே சாத்திவிட்டேன்! பக்கத்துக் கடை வெல்டர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, வீட்டைக் கட்டி முடிச்சிட்டு வாசலை மறந்துட்டியே" என்று சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது. நீங்கள் நின்று வேலை செய்கிற பக்கத்துச் சட்டத்தை உளியால் பெயர்த்து எறிந்தேன். மூன்று கை பாலிஷும் போச்சு.

இதற்கு பதில் போட்டால் போடுங்கள். போடாவிட்டால் என் இஷ்டத்துக்கு மேசையை இன்னும் தோண்டுவேன்.

இப்படிக்கு,
கேட்காமல் உங்கள் மேசையில் கை வைத்த மனைவி

2

அன்புள்ளவருக்கு,

பதில் வந்தது. எட்டே நாளில்! ஆறு முறை போன் செய்தும் வராத பதில், மேசையைத் தோண்டினேன் என்றதும் பறந்து வருகிறது. நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள் என்று தபால்காரர் முகத்தைப் பார்த்தே நான் ஏதேதோ நினைத்துக்கொண்டேன்.

உள்ளே என்ன இருந்தது? முக்கால் அங்குலத் திருகாணி போட்டிருந்தால் உடனே கழற்று. டிராக் மேசை மட்டத்துக்கு ஒரு நூல் அளவு கீழே இருக்கவேண்டும், மேலே துருத்திக்கொண்டிருந்தால் பலகை ஆடும், கீறலும் விழும். மேசை இரண்டு அங்குலம் தடிமன், அடிவரைக்கும் துளை போட்டு போல்ட்டை இறக்கி, கீழே வாஷர் வைத்து மரை முடுக்கு. கீழே ஒரு படம். அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் கையெழுத்துகூட இல்லை. என் மாதிரி ஆட்களுக்கு உங்களிடமிருந்து கடிதம் வரவேண்டுமென்றால் நானும் இரண்டு அங்குலம் தடிமனான தேக்காகப் பிறந்திருக்கவேண்டும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்கள் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, முக்கால் அங்குலத் திருகாணியே போதும் என்று ஒரு பலகையை வைத்து கிளாம்ப்பை முழு பலத்தோடு முடுக்கினேன். படக்கென்று ஒரு சத்தம். டிராக் திருகாணிகளோடு மேசையிலிருந்து கிளம்பி என் தாடைக்கு நேரே வந்து நின்றது. ஒரு நாலு விரற்கடை இன்னும் கிட்டே குனிந்திருந்தால் இந்தக் கடிதத்தைப் பல் இல்லாமல் எழுதிக்கொண்டிருப்பேன். நீங்கள் சொன்னது சரி. அதனால் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது.

பிறகு உங்கள் படத்தைத் தேடி எடுத்து, அதில் இருந்தபடியே செய்தேன். மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, இருபத்துநாலு மரை முடுக்கினேன். மரத்தூள் கண்ணில், மூக்கில், வாயில். காடியையும் ஒரு நூல் இறக்கிவிட்டேன். இப்போது வெல்டர் அண்ணன் கிளாம்ப்பைப் பிடித்துத் தொங்கினாலும் டிராக் அசைவதில்லை. நிஜமாகவே தொங்கிப் பார்த்தார். அவர் எடை உங்களுக்குத் தெரியும்.

ஆனால் கடையில் விற்கிற கிளாம்ப் இரண்டு கை உள்ளவர்களுக்குத்தான். ஒரு கை அதன் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொரு கை குமிழைத் திருக வேண்டும். பிடிக்காமல் திருகினால் கிளாம்ப் தட்டாமாலை சுற்றுகிறது. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாலிஷ் வேலை எல்லாம் அப்படியே கிடந்தது. கடைசியில் வெல்டர் அண்ணன்தான் வழி சொன்னார். கிளாம்ப்புக்கு அடியில் ஒரு ஸ்பிரிங், அது தலையைத் தானாகத் தூக்கி நிறுத்திக்கொள்ளும். குமிழை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நெம்புகோல் மாதிரி ஒரு நெம்பு. கீழே அழுத்தினால் பிடிக்கும், மேலே தட்டினால் விடும். விரலே தேவையில்லை. மணிக்கட்டால் அழுத்தலாம், முழங்கையால் அழுத்தலாம், கோபம் வந்தால் நெற்றியால்கூட அழுத்தலாம். ஆறுக்கும் செய்து கொடுத்தார். ஒன்று மட்டும் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது.

மரக்கடைக்காரர் வந்திருந்தார். டேப்பை இழுத்து ஒவ்வொரு மெஷினையும் அளந்தார், வண்டியில் எப்படி ஏற்றுவது என்று. வாசலுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரும்மா" என்றார். "சொன்னவர் வந்து தூக்கிக் கொடுக்கட்டும், அதுவரைக்கும் ஒரு ஆணிகூட வெளியே போகாது" என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். மூன்று கடை தள்ளி இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "நல்ல மனுஷன்மா அவரு. இவ்வளவு பெரிய அடி பட்டும் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லலையே. என் தப்பு, என் தப்புன்னுதானே சொல்லிட்டிருந்தாரு" என்றார்.

நாற்காலியிலிருந்து எழுந்து வழிவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குமேல் இன்று எழுத முடியாது. உங்கள் அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

3

அன்புள்ளவருக்கு,

உங்கள் இரண்டாவது பதிலும் வந்தது. நெம்பின் நீளத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறீர்கள், இல்லாவிட்டால் மெஷினின் ஒயர் மாட்டிக்கொள்ளும் என்று. குறைத்துவிட்டேன். நன்றி. மறுபடியும் ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். மேசை, நாலு டிராக், ஆறு கிளாம்ப், ஆள் நிற்கிற இடத்தில் ஒரு வட்டம்.

ஒரே ஒரு வட்டம்.

எந்த வேலைக்குப் படம் போட்டாலும் நீங்கள் இரண்டு வட்டம் போடுவீர்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒன்று நீங்கள், ஒன்று நான். இந்தத் தடவை அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. கிளாம்ப் இருக்கும்போது அங்கே ஆள் எதற்கு என்று நினைத்துப் போட்டீர்களா, அல்லது வேறு காரணமா என்று நான் மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன்.

மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். நான் பாத்திரங்களைப் போட்டு உருட்டுவதை ஒருநாள் முழுக்கப் பார்த்துவிட்டு, "நீயும் அப்பாவும் ஒரே அச்சும்மா. திட்டறதுன்னா ஊரே கேக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லணும்னா மட்டும் வாய்க்குப் பூட்டு போட்டுக்குவீங்க" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சும்மா சொன்னாள். எனக்குச் சுரீரென்றது. ஆகவே பூட்டைத் திறக்கிறேன். நீங்கள் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து படியுங்கள். அண்ணன் கடையில் வாடிக்கையாளர் யாராவது வந்தால் காத்திருக்கட்டும்.

உங்கள் கையில் அடிபட்ட அன்று காலையிலும் நான் கிளாம்ப் வாங்கச் சொல்லிக் கேட்டேன். அது எத்தனையாவது தடவை என்று எனக்கே தெரியாது. நான் கேட்டதற்குக் காரணமும் உங்களுக்குத் தெரியும். பாலிஷைப் பாதியில் விட்டால் திட்டுத் திட்டாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தேய்க்கவேண்டும். நான் ஒரு கதவில் கை வைத்தால் போதும், "வா, வந்து பலகையைப் பிடி" என்று குரல் வரும். ஓடிவந்து பிடிப்பேன். திரும்பிப் போனால் கதவு பாழாகியிருக்கும். ஒருநாள் இல்லை, இரண்டுநாள் இல்லை. என் தொழிலும் தொழில்தான் என்று இந்த வீட்டில் யாருக்குத் தோன்றியது? இருந்த இரண்டு பழைய கிளாம்ப்பில் ஒன்றைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தீர்கள், ஒன்றில் டீ வடிகட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் அலமாரி கேட்டு அந்த மனிதர் வந்தார். பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கிளாம்ப் எல்லாம் வச்சுக்கறதில்லையா?" என்று கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "எனக்கு எதுக்குங்க கிளாம்ப்? அதான் ஒண்ணைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேனே." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். முகம்தான் சிரித்தது. உள்ளே எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது.

அவர் போனதும் கூப்பிட்டீர்கள். கதவில் பாதிப் பாலிஷ் ஈரமாக இருந்தது. வந்தேன். வழக்கமாக எப்படிப் பிடிப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்து, இடுப்பிலிருந்து என் எடை முழுவதையும் இறக்கிப் பிடிப்பேன். என்மேல் நம்பிக்கை வைத்துத்தானே அந்த முனையைப் பார்க்காமலே அறுக்கிற மெஷினை ஓட்டுவீர்கள். அன்று நான் அப்படிப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு கையிலும் இரண்டிரண்டு விரல். தொட்டேன் என்றுகூடச் சொல்லலாம். முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். கட்டிக்கொண்டு வந்த கிளாம்ப் எப்படிப் பிடிக்கிறது பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பலகை கொஞ்சம் ஆடும், அறுப்பு கோணலாகும், நீங்கள் கத்துவீர்கள், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

பலகை சுழன்றது. மெஷின் துள்ளி உங்கள் இடதுகையில் பாய்ந்தது. அதற்கு முன்னால் ஒரு கணம், நீங்கள் நிமிர்ந்து என் விரல்களைப் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

அதனால் உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவே முடியாது. ஆஸ்பத்திரியில் ரத்தம் சொட்டச் சொட்ட, "என் கவனக்குறைவு டாக்டர்" என்றீர்கள். வெல்டர் அண்ணனிடம் அதையே சொன்னீர்கள். மரக்கடைக்காரரிடம், மகளிடம், பக்கத்துப் படுக்கையில் கால் உடைந்து கிடந்தவரிடம்கூடச் சொன்னீர்கள். நான் பக்கத்தில் மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஊமை மாதிரி நின்றேன். எல்லோரும் போன பிறகாவது என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். ஆறு வாரம். ஒவ்வொரு தடவை கட்டு மாற்றும்போதும் இன்றைக்குக் கேட்பார் என்று உங்கள் முகத்தையே பார்ப்பேன். நீங்கள் தண்ணீர் கேட்டீர்கள், மாத்திரை கேட்டீர்கள், அதை மட்டும் கேட்கவில்லை. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

என் கோபம் இதுதான். குளிப்பதாகப் பொய் சொல்ல வைத்ததும் ஐந்து வரிக் கடிதமும் அப்புறம். ஊர் பூராவும் நல்ல மனுஷன் என்று பேர் வாங்கிக்கொண்டு, என்னை மட்டும் இந்தப் பட்டறையில் நான் செய்ததோடு தனியாக விட்டுவிட்டுப் போனீர்களே, அதுதான். அந்தப் பெரிய மனசு எனக்கு வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு போய் அண்ணன் கடையில் செருப்போடு செருப்பாக அடுக்கி வையுங்கள். நீங்கள் போனது கைக்காகவா, அல்லது என் முகத்தைப் பார்க்க முடியாமலா? கைக்காக என்றால் அதற்கு நாலு டிராக் பதித்துவிட்டேன். என் முகம் என்றால் அதற்கு எந்தக் கடையிலும் சாமான் விற்கவில்லை.

மன்னிப்புக் கேட்கிறேனா என்றால், கேட்கிறேன். ஆனால் தபாலில் கேட்கமாட்டேன். நேரில்தான் கேட்பேன். அதே நேரத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் முன்னால் நீங்கள் அப்படிச் சொன்னது தப்பு. உங்கள் கை இப்படி ஆனதால் அது தப்பில்லை என்று ஆகிவிடாது. அதற்கு நீங்களும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இவ்வளவு நடந்த பிறகும் இவளுக்கு வாய் குறையவில்லையே என்று நினைப்பீர்கள். குறையவில்லை.

நேற்று ஒரு காரியம் செய்து பார்த்தேன். ஒரு மெல்லிய பட்டைக் கட்டையை இடது உள்ளங்கையில் வைத்து விரல்நுனி வரைக்கும் துணி சுற்றிக் கட்டிக்கொண்டேன், விரல் மடங்காதபடி. உங்கள் கை எப்படி இருக்குமோ அப்படி. மகளை எதிர்ப்பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பலகையைத் தோளில் தாங்கி மேசைமேல் ஏற்றினேன். கிளாம்ப்பை மணிக்கட்டால் தள்ளினேன், போகவேண்டிய இடத்துக்குப் போனது. நெம்பை முழங்கையால் அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், மலை மாதிரி கிடந்தது. அந்த மெஷினை எடுத்தேன். அன்றிலிருந்து அதை யாரும் தொடவில்லை. இடதுகையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலதுகையால் மட்டும் ஒரு முழு நீளம் அறுத்தேன். பலகை ஒரு நூல்கூட விலகவில்லை. அறுபட்ட துண்டு தரையில் விழுந்ததும் நான் மெஷினை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மகள் பயந்துவிட்டாள். அடிபட்டுவிட்டதா என்று என் விரலையெல்லாம் எண்ணினாள்.

பாலிஷ்காரியான நானே அறுத்தேன் என்றால் நீங்கள் அறுக்கமாட்டீர்களா?

இருபத்தெட்டாம் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. கடிதம் வந்து சேர நாலு நாள். அங்கிருந்து நீங்கள் வர ஒன்றரை நாள். நான் மரக்கடைக்காரரைத் தடுக்கப்போவதில்லை, அவருக்கு வாக்குக் கொடுத்தது நீங்கள். வந்து ஒரே ஒரு பலகையை அறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் உங்கள் கையாலேயே எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிடுங்கள். நான் சாவியைத் தருகிறேன். ஆனால் நீங்கள் இல்லாமல் என் கையால் ஏற்றச் சொல்லாதீர்கள். என்னால் ஆகாது.

வந்ததும் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல், பையைக்கூடக் கீழே வைக்காமல், என் எதிரில் நின்று "ஏண்டி அப்படிப் பிடிச்சே?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். கத்திக் கேளுங்கள். தெருவே கேட்கட்டும். அதற்குப் பிறகு நீங்கள் என்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அதை அங்கே இருந்து செய்யாதீர்கள். இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருங்கள்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத,
உங்கள் மனைவி